கோபுரம் ஏன் வடக்கு மூலையில் நிற்கிறது? ஃபவுண்டன்ஸ் மடத்தின் இடிபாடுகளைப் பற்றி ஒரு கேள்வி

நெடுவழி:

சென்ற வாரம் வடக்கு யார்க்‌ஷயரில், ரிப்பன் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஃபவுண்டன்ஸ் துறவு மடத்தின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வந்தேன். படங்களில் பலமுறை பார்த்த இடம்தான். ஆனாலும் ஸ்கெல் ஆற்றை ஒட்டி நடந்து, ஒரு திருப்பத்தில் அந்தக் கோபுரம் முழுதாக எழுந்து நின்றபோது கால் தானாக நின்றுவிட்டது. கூரை இல்லை, கண்ணாடி இல்லை, உள்ளே புல்தரை. கோபுரம் மட்டும் ஏறத்தாழ 160 அடி உயரத்துக்கு, நேற்றுக் கட்டியதுபோல விளிம்பு கூர்மையாக நிற்கிறது.

என் மனத்தைக் குடையும் கேள்வி இதுதான். பெரிய தேவாலயங்களில் கோபுரம் வழக்கமாக இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, சிலுவை வடிவத்தின் உடலும் கைகளும் சந்திக்கிற நடு இடம். மற்றொன்று, மேற்கு வாசல். இங்கே இரண்டும் இல்லை. வடக்குக் கையின் நுனியில், தேவாலயத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிறது. மேற்கு வாசலில் நின்று பார்த்தால் இடப்பக்கம் தனியாகத் தெரிகிறது. இவ்வளவு பெரிய வேலையைச் செய்தவர்கள் அதை ஏன் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்? கட்டடக் கலையோ வரலாறோ தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழஞ்சுவடி:

நல்ல கேள்வி. ஆனால் அதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது: அங்கே கோபுரமே ஏன் இருக்கிறது? இருக்கவே கூடாத ஒன்று அது.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். யார்க் நகரின் புனித மரியா மடம், துறவிகளின் வாழ்க்கைக்காகப் புனித பெனடிக்ட் வகுத்த விதியைப் பின்பற்றியது. அங்கே வாழ்க்கை வசதியாகிவிட்டது, விதியின் கடுமை தளர்ந்துவிட்டது என்று சில துறவிகள் மனம் வெதும்பினார்கள். 1132-இல் பூசல் முற்றி மடத்தை விட்டு வெளியேறினார்கள். பேராயர் தர்ஸ்டன் அவர்களுக்கு அடைக்கலம் தந்து, ஸ்கெல் பள்ளத்தாக்கில் ஒரு துண்டு நிலத்தையும் கொடுத்தார். 1132 டிசம்பர் 27 அன்று 13 துறவிகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். யார்க்‌ஷயரின் நடுக்குளிர் காலம் அது. பாறையும் மரமும்தான் கூரை. ஊற்றுகள் நிறைந்த இடம் என்பதால் அந்தப் பெயர் வந்தது.

அவர்கள் விரைவிலேயே சிஸ்டர்சியன் சபையில் சேர்ந்தார்கள். பிரான்சில் அந்தச் சபைக்கு இருந்த கிளேர்வோ மடத்திலிருந்து ஜெஃப்ரி என்ற முதிய துறவி வந்து சபையின் நடைமுறைகளைக் கற்றுக்கொடுத்தார். அந்தச் சபையின் உயிரே எளிமைதான். சாயம் தோய்க்காத கம்பளி உடை, சித்திரம் இல்லாத சுவர், நிறமில்லாத கண்ணாடி. சபையின் பொதுப் பேரவை 1157-இல் மணிக்காகக் கல்லில் கோபுரம் எழுப்பக் கூடாது என்று வெளிப்படையாகவே தடை விதித்தது. மணியும் 500 பவுண்டு எடைக்கு மேல் போகக் கூடாது, ஒரே ஆள் அடிக்கிற அளவில் இருக்க வேண்டும், இரண்டு மணிகளைச் சேர்த்து அடிக்கக் கூடாது என்று விதித்திருந்தார்கள்.

அந்த விதிக்குக் கீழ் வளர்ந்த மடத்தில்தான் நீங்கள் பார்த்த 160 அடிக் கோபுரம் நிற்கிறது. மடத்தலைவர் மார்மடியூக் ஹியூபி கட்டியது. அவர் தலைமை வகித்த காலம் 1495 முதல் 1526 வரை. விதி எழுதப்பட்டு மூன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. தடை எப்போதோ நடைமுறையில் செத்துவிட்டிருந்தது. என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: அது தளர்ச்சியின் சின்னம். எதை வெறுத்து முதல் 13 பேர் குளிரில் இறங்கி நடந்தார்களோ, அதையே அவர்களின் வாரிசுகள் கல்லில் எழுப்பினார்கள்.

சாளரம்:

பழஞ்சுவடி ஐயா, தளர்ச்சி என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியுமா? இடையில் என்னென்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டுமே. 1147-இல் அந்த மடம் எரிக்கப்பட்டது. யார்க் பேராயர் பதவிக்கான சண்டையில் மடத்தலைவர் ஹென்றி மர்டாக் ஒரு பக்கம் நின்றதால், எதிர்த்தரப்பின் ஆட்கள் வந்து தீ வைத்தார்கள். மீண்டும் கட்டினார்கள். பிறகு ஆட்டுக் கம்பளியில் பெரும் செல்வம் வந்தது. இத்தாலிய வணிகர்கள் நேரே வந்து வாங்கினார்கள். அதன்பின் ஸ்காட்லாந்துப் படையெடுப்புகள், 1348-49-இன் கொள்ளைநோய். நிலத்தில் உழைத்த சகோதரர்களின் கூட்டம் கரைந்தே போனது. ஹியூபி பொறுப்பேற்றபோது அங்கே 22 துறவிகள்தான் இருந்தார்கள். அவர் காலத்திலேயே அது 52 ஆனது. சாகக் கிடந்த வீட்டை எழுப்பியவர் அவர்.

காரைச்சட்டி:

நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பணியில் இருப்பவன். நெடுவழி கேட்ட கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியும். விடை கோபுரத்தில் இல்லை. தேவாலயத்தின் நடுச் சந்திப்பில் நிற்கும் தூண்களில் இருக்கிறது.

நடுக்கோபுரம் என்பது தரையில் நிற்பதில்லை. நான்கு வளைவுகளின் தோளில் நிற்கிறது. வளைவு பாரத்தைக் கீழே இறக்குவதோடு பக்கவாட்டிலும் தள்ளும். மேலே எடை கூடக்கூட அந்தத் தள்ளலும் கூடும். அதைத் தாங்க நான்கு தூண்களும், அவற்றைச் சுற்றியுள்ள சுவர்களும், எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள மண்ணும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு மூலை ஓர் அங்குலம் அமிழ்ந்தாலும் வளைவின் வடிவம் குலையும். வடிவம் குலைந்தால் தள்ளும் திசை மாறும். அப்புறம் கல் பிளக்கத் தொடங்கும்.

ஃபவுண்டன்ஸின் சந்திப்புத் தூண்கள் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பழஞ்சுவடி சொன்ன அதே எளிமை விதிக்குள் கட்டப்பட்டவை. அவற்றின் மேல் இருந்தது தாழ்வான ஒரு சிறு கூண்டு மட்டுமே. அதை உயர்த்திப் பார்க்கும் முயற்சி நடந்தது. தென்பக்கத் தூண் தாங்கவில்லை. அதற்குப் பெரிய முட்டுச்சுவர் கொடுக்க வேண்டியதாயிற்று. அத்தோடு நடுவில் உயர்த்தும் எண்ணம் கைவிடப்பட்டது. கட்டடம் "என்னால் ஆகாது" என்று சொல்லிவிட்டது, ஹியூபி அதைக் காதில் வாங்கிக்கொண்டார்.

பிறகு எங்கே கட்டுவது? தெற்கே முற்றமும் துறவிகளின் குடியிருப்பும். கிழக்கே 13-ஆம் நூற்றாண்டின் ஒன்பது பீடக் கூடம். மேற்கே முகப்பு வாசல். வெறும் தரை கிடைத்த இடம் வடக்குதான். அங்கே புதிய அடித்தளம் போட்டு, நான்கு சுவர்களும் உச்சியிலிருந்து தரைவரை நேரே இறங்கும்படி கட்டினார்கள். மூலைகளில் உள்ள முட்டுச்சுவர்களைக் கவனியுங்கள். மேலே போகப்போகப் படிப்படியாக ஒடுங்கும். பாரம் குறையும் இடத்தில் கல்லையும் குறைத்திருக்கிறார்கள். வளைவின் தோளில் ஏறாத கோபுரம் அது. தன் காலில் நிற்கிறது.

இப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. லீட்ஸ் நகரில் உள்ள கர்க்ஸ்டால் மடம். ஃபவுண்டன்ஸிலிருந்து போன துறவிகள் தொடங்கிய கிளை மடம் அது. அங்கேயும் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசை வந்தது. பழைய தாழ்வான நடுக்கூண்டின்மேல் கூடுதலாக ஒரு நிலையைக் கட்டினார்கள். அதே தலைமுறை, அதே சபை, அதே வகைத் தூண்கள். 1779-இல் ஒரு குளிர்கால நாளில் அந்தக் கோபுரத்தின் பெரும்பகுதி சரிந்து விழுந்தது. மிச்சம் இன்றும் நிற்கிறது. அந்தக் காலத்தில் லீட்ஸ் போகும் நெடுஞ்சாலையே அந்தத் தேவாலயத்தின் நடுக்கூடத்துக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கர்க்ஸ்டால் நடுவில் கட்டியது, விழுந்தது. ஃபவுண்டன்ஸ் ஓரத்தில் கட்டியது, நிற்கிறது. என்னைப் பொறுத்தவரை அந்த ஓரம்தான் கோபுரத்தின் உண்மையான அழகு.

நெடுவழி:

காரைச்சட்டி அண்ணா, இதைப் படித்த பிறகு என் கைப்பேசியில் உள்ள படங்களை எல்லாம் மறுபடி பார்த்தேன். 64 படங்களில் 50-க்கு மேல் கோபுரம்தான். நடுச் சந்திப்பில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. அதன் வழியாகத்தான் நடந்து போனேன். தூணைப் பார்க்கவே இல்லை. வருத்தமாக இருக்கிறது.

திருப்புகழ்மாலை:

கோபுரத்தில் எழுதியிருப்பதைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லையே. சுவரைச் சுற்றிப் பட்டை பட்டையாக, பழைய கோத்திக் எழுத்தில் இலத்தீன் வாசகங்கள் ஓடுகின்றன. அவற்றில் முதன்மையானது ஹியூபி தமக்கென்று எடுத்துக்கொண்ட வாக்கு: "சோலி தேயோ ஓனோர் எத் குளோரியா". கடவுள் ஒருவருக்கே மாண்பும் மகிமையும். திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் வரும் வரி.

எங்கள் சபை மரபில் இந்த வரியைச் செபமாகச் சொல்லிப் பழகியவள் நான். அதனால் சொல்கிறேன். இது பெருமை பேசுகிறவன் தேர்ந்தெடுக்கும் வரி அல்ல. இதில் உள்ள வலிமையான சொல் "ஒருவருக்கே". பெயர் சொல்லிப் புகழ வேண்டிய மற்ற எல்லாரையும் அந்த ஒரு சொல் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. கட்டியவரையும் சேர்த்து.

மணியைப் பற்றியும் ஒன்று. துறவிகளின் நாள் மணியில் ஓடுகிறது. நள்ளிரவு தாண்டியதும் எழுந்து செபிக்க, விடியலில், வேலைக்கு, உணவுக்கு, ஒருவர் இறக்கும் தறுவாயில் இருந்தால் எல்லாரும் ஓடிவர. பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் மடத்தின் மணியோசை மேட்டு நிலத்தில் வேலை செய்பவரின் காதுக்கு எட்ட வேண்டும் என்றால் உயரம் வேண்டும். அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழஞ்சுவடி:

அம்மா, தாங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அதே கோபுரத்தில் ஹியூபியின் பெயரின் முதலெழுத்துகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. கூடவே ஆயர்களுக்குரிய தலைப்பாகையும் செங்கோலும். "கடவுள் ஒருவருக்கே" என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் தம் முத்திரையையும் பதித்தவரை என்னவென்று சொல்வது?

ஹியூபி சாதாரண ஆள் அல்ல. இங்கிலாந்தில் இருந்த சிஸ்டர்சியன் மடங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு அவர் கையில் இருந்தது. பிரான்சின் சீத்தோ தலைமை மடத்துக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. அதிகாரம் என்றால் என்ன என்று அறிந்தவர். பக்தி இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. பக்தியும் பெருமிதமும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். கல்லில் இரண்டும் பதிந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

காரைச்சட்டி சொன்ன கட்டுமானக் காரணத்தை மட்டும் முழுமையாக ஏற்கிறேன். "தளர்ச்சியின் சின்னம்" என்று நான் எழுதியது அவசரம். தூண் சொன்னதைக் கேட்டு இடத்தை மாற்றியவரிடம் ஒழுக்கம் இருந்திருக்கிறது.

புதுக்குடி:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். 1530-களில் இங்கிலாந்தின் மடங்களை மூடிய அரசர் எட்டாம் ஹென்றியின் படை பீரங்கி வைத்து இடித்ததுதானே இந்த மடங்கள் எல்லாம்? அப்படி இருக்க, கோபுரத்தை மட்டும் எப்படி விட்டுவைத்தார்கள்?

பழஞ்சுவடி:

பீரங்கி எதுவும் வரவில்லை. ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது. 1539 நவம்பர் 26 அன்று மடத்தலைவர் மார்மடியூக் பிராட்லி மடத்தை அரசரிடம் ஒப்படைத்தார். அவருக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு ஓய்வூதியம், மற்றத் துறவிகளுக்குச் சிறு தொகைகள். அவருக்கு முன் தலைவராக இருந்த வில்லியம் தர்ஸ்க் 1536-இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர். அரசருக்கு எதிராக வடக்கே எழுந்த கிளர்ச்சியோடு தொடர்புபடுத்தப்பட்டு 1537-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். அதற்குப் பிறகு எதிர்த்துப் பேச யார் இருந்தார்கள்?

கணக்குப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. ஹியூபி இறந்தது 1526. மடம் மூடியது 1539. அவருக்குப் பிறகு அந்தக் கோபுரம் துறவிகளைச் செபத்துக்கு அழைத்தது 13 ஆண்டுகள் மட்டுமே.

உடனே இடிக்காமல் வைத்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. புதிதாக ஓர் ஆயர் ஆட்சிப்பகுதியை உருவாக்கி, இதைப் பேராலயமாக்கும் யோசனை இருந்தது. கடைசியில் அந்தப் பேறு செஸ்டருக்குப் போனது. 1540-இல் லண்டன் வணிகர் ரிச்சர்ட் கிரெஷாம் இந்தச் சொத்தை வாங்கினார்.

காரைச்சட்டி:

இடித்தது யார் என்று கேட்டால் ஈயம் என்பேன். கூரையை மூடியிருந்த ஈயத் தகடுதான் கட்டடத்தில் மிக விலைமதிப்பான பொருள். அதை உரித்து, உருக்கி, கட்டிகளாக வார்த்து எடுத்துப் போனார்கள். உருக்குவதற்கு அந்த மடங்களின் மர வேலைப்பாடுகளையே விறகாக எரித்ததும் உண்டு. அருகில் உள்ள ரிவோ மடத்தில், விழுந்த கல்குவியலுக்கு அடியில் நான்கு ஈயக் கட்டிகள் 20-ஆம் நூற்றாண்டில் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை டன். அரச முத்திரை பதிந்திருந்தது. எடுக்க வந்தவர்கள் எடுக்க முடியாமலே போய்விட்டார்கள். அந்த ஈயம் பிறகு யார்க் பேராலயத்தின் ஐந்து சகோதரிகள் சாளரத்தைப் புதுப்பிக்கப் பயன்பட்டது.

ஈயம் போனால் மழை உள்ளே வரும். முதலில் மரச்சட்டங்கள் உளுத்துப்போகும். அடுத்து சுவர்த்தலை நனையும். இந்தச் சுவர்கள் இரு பக்கமும் செதுக்கிய கல், நடுவில் கல்சல்லியும் சுண்ணாம்புக் காரையும். நடுவில் தண்ணீர் இறங்கிக் குளிரில் உறைந்தால் உள்ளிருந்தே பிளக்கும். வளைகூரைகள் ஒன்றையொன்று சாய்ந்து நிற்பவை. ஒன்று விழுந்தால் அடுத்ததற்குத் துணை இல்லை. கோபுரம் யார்மீதும் சாயவில்லை. அதனால்தான் சுற்றிலும் எல்லாம் விழுந்தபோதும் அது விழவில்லை. பாருங்கள், இடத்தின் கேள்விக்கும் தப்பிய கேள்விக்கும் விடை ஒன்றுதான்.

கல்லும் சும்மா கிடக்கவில்லை. 1597-இல் இடத்தை வாங்கிய ஸ்டீபன் ப்ராக்டர், மடத்தின் கல்லை எடுத்துத்தான் பக்கத்தில் ஃபவுண்டன்ஸ் மாளிகையைக் கட்டினார்.

சாளரம்:

இன்னொரு கதையும் சேரட்டும். பக்கத்து எஸ்டேட்டான ஸ்டட்லி ராயல், ஜான் எய்ஸ்லபிக்குச் சொந்தம். நிதியமைச்சராக இருந்து, தென்கடல் கம்பெனியின் பங்கு ஊழலில் 1721-இல் நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். ஊருக்குத் திரும்பி, வாழ்நாளின் மிச்சத்தை நீர்த்தோட்டம் அமைப்பதில் கழித்தார். அவர் மகன் வில்லியம் 1760-களின் பிற்பகுதியில் மடத்தின் இடிபாடுகளையும் வாங்கித் தோட்டத்தோடு சேர்த்தார். கிழக்கே மேட்டில் ஒரு காட்சிமுனை உண்டு. மரங்களுக்கு நடுவே நடந்துவந்து அங்கே நின்றால், வளைந்து போகும் ஆற்றின் முடிவில் இடிபாடு திடீரென்று கண்ணில் படும். அங்கிருந்து கோபுரம் வலப்பக்கம் தெரியும்.

தோட்டத்தின் அலங்காரப் பொருளாக ஆனதால்தான் அதற்குப் பாதுகாப்புக் கிடைத்தது என்பது கசப்பான உண்மை. 1983-இல் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு ஏற்றது, 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

திருப்புகழ்மாலை:

நெடுவழி தம்பி, மறுபடி போனால் ஒன்பது பீடக் கூடத்தையும் நின்று பாருங்கள். இங்கிலாந்தில் அப்படி ஓர் அமைப்பு உள்ள மற்றொரு இடம் டரம் பேராலயம் மட்டுமே. ஃபவுண்டன்ஸின் கூடத்தில் ஒரு சாளர வளைவு விரிசல் விட்டதும், ஹியூபிக்கு முந்தைய தலைவர் ஜான் டார்ன்டன் காலத்தில் அதைச் சரிசெய்து, விரிசலை மூடிய கல்லில் ஒரு வானதூதரைச் செதுக்கினார்கள். காயத்தைக் கட்டிவிட்டு அதன்மேல் ஒரு முகத்தை வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபுரத்தைவிட அந்தக் கல்தான் பிடிக்கும்.

நெடுவழி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி போய்வந்தேன். ரிப்பனிலிருந்து காலை பஸ். மழை தூறிக்கொண்டே இருந்தது, ஆள் நடமாட்டம் இல்லை.

இந்த முறை கோபுரத்தின் பக்கம் திரும்பாமல் நேரே நடுச் சந்திப்புக்குப் போனேன். தென்பக்கத் தூணைச் சுற்றி வந்தேன். பழைய தூணின் கல்லும் பிறகு கொடுத்த முட்டின் கல்லும் சந்திக்கும் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம் இல்லை. அடுக்குகளின் உயரமும் ஒத்துப்போகவில்லை. அந்தக் கோட்டில் விரலை வைத்துக்கொண்டு தலையை இடப்பக்கம் திருப்பினால், தேவாலயத்தின் வடக்குக் கையின் நுனியில் கோபுரம். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது. சென்ற முறை இந்த இடத்தைத் தாண்ட எனக்குப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

பிறகு கோபுரத்தின் உள்ளே போய் நின்றேன். தளங்கள் எதுவும் இல்லை. உத்திரங்களைத் தாங்கிய கல்தாங்கிகள் மட்டும் சுவரில் வரிசையாக நிற்கின்றன. பாதி உயரத்தில் ஒரு கதவு, எங்கும் போகாமல் வெறும் காற்றில் திறக்கிறது. உச்சியில் சதுரமாக வானம். காக்கைகள் ஒரு தாங்கியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தன. அவற்றின் குரல் கீழே வந்து சேரும்போது பெரிதாகிவிடுகிறது. இங்கே மணி அடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

வெளியே வந்து இரவல் வாங்கிய தொலைநோக்கியில் எழுத்துப் பட்டையைத் தேடினேன். எழுத்துகள் நெருக்கமாக, வேலிக்கால்போல நிமிர்ந்து நிற்பதால் பிரித்துப் படிப்பது கடினம். கழுத்து வலிக்க வலிக்க எழுத்தெழுத்தாகக் கூட்டி "சோலி தேயோ" வரை வந்தேன். அதற்குள் கண்ணாடியில் மழைத்துளி விழுந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி பிடித்தபோது இடம் தவறிவிட்டது. மீண்டும் முதலிலிருந்து தேடினேன்.

வானதூதரின் கல்லைப் பார்க்க நேரம் போதவில்லை, அம்மா. வசந்தத்தில் பகல் நீளும். அப்போது போகிறேன்.